பாயில் விடும் வரிசை: பிறந்தது முதல் தவழும் வரை முழுமையான வழிகாட்டி

கைக்குழந்தையைத் தரையில் விட்டு விளையாட வைப்பதில் புதிய பெற்றோர் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். தலை நிற்கட்டும் என்று முதல் மூன்று மாதம் காத்திருக்கிறார்கள். பிறகு அவசரப்பட்டு, நாலாம் மாதமே தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். தலை நிற்பதற்கே குப்புறக் கிடந்து பழக வேண்டும். உட்காருவதற்கு முன் புரளவும் கையை ஊன்றவும் தெரிய வேண்டும். வரிசை கலைந்தால் குழந்தையும் அழும், பெரியவர்களும் சலித்துப்போவார்கள்.

எல்லாப் படிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: தூங்கும்போது மல்லாந்து, விழித்திருக்கும்போது மட்டும் குப்புற. குப்புறக் கிடக்கும்போது ஒருவர் கை எட்டும் தூரத்தில் கண் எடுக்காமல் இருக்க வேண்டும். அப்படியே தூங்கிவிட்டால் உடனே மல்லாத்துங்கள். குப்புறத் தூங்குவது திடீர் மரண அபாயத்தைக் கூட்டும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

1. முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டியவர்கள்

நிறைமாதத்தில் சிக்கலின்றிப் பிறந்த குழந்தையை வீட்டுக்கு வந்த நாள் முதலே தொடங்கலாம். இதயக் கோளாறு, அறுவை சிகிச்சை, இடுப்பு மூட்டுக்குப் பட்டை, கடுமையாகப் பால் எதுக்களிப்பது ஆகியவை இருந்தால் மருத்துவர் சொன்ன பிறகு தொடங்குங்கள்.

37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு வயதைப் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்து இப்போது ஐந்து மாதமாகும் குழந்தையிடம் மூன்று மாதக் குழந்தை செய்வதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இது தெரியாமல் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு வருந்துகிறவர்கள் நிறைய.

2. இடத்தைத் தயார் செய்தல்

கட்டில் மெத்தை வேண்டாம். உள்ளங்கையை ஊன்றி அழுத்திப் பாருங்கள். கை புதைந்தால் குழந்தையின் முழங்கையும் புதையும், அதனால் உந்தி எழ முடியாது. முகமும் புதையலாம். கோரைப்பாய், அதன்மேல் ஜமுக்காளம், அதன்மேல் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்துப் பாய்க்கு அடியில் செருகிய பருத்தித் துணி, இவ்வளவு போதும். தொடக்கத்தில் நாலுக்கு ஆறு அடி இடம் தேவை. புரளத் தொடங்கியதும் அறைத் தரை முழுவதுமே தேவைப்படும்.

பீரோவிலிருந்து எடுத்த பழைய விரிப்பில் அந்துருண்டை வாசனை இருந்தால் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, வாசனை முற்றிலும் போன பிறகே விரியுங்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையின் நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் யாருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்காது.

பினாயில் போட்டுத் துடைத்தால் வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடையுங்கள். எறும்புக்குச் சாக்கட்டிக் கோடு போடும் பழக்கத்தை அந்த அறையில் நிறுத்திவிடுங்கள். அது பூச்சிமருந்து, குழந்தையின் கையோ எப்போதும் வாயில்தான் இருக்கும். சிந்திய பாலை உடனே ஈரத்துணியால் துடைத்தாலே பாதி எறும்பு வராது.

பிறகு நீங்களே பாயில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பாருங்கள். நின்றால் தெரியாத ஊக்கும் பட்டனும் கட்டிலுக்கு அடியில் உருண்ட வேர்க்கடலையும் அப்போதுதான் கண்ணில் படும். 1¼ அங்குல விட்டமுள்ள குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டிலும் பொம்மையிலும் வரும் காசு வடிவ பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பாயின் தலைமாட்டை ஒரு நாள் கிழக்கே, மறுநாள் மேற்கே என்று மாற்றுங்கள். குழந்தை எப்போதும் வெளிச்சத்தையும் ஆள் நடமாட்டத்தையும் நோக்கித் திரும்பும். பாய் ஒரே திசையில் கிடந்தால் தலையும் ஒரே பக்கம் திரும்பி, மண்டை அந்தப் பக்கம் தட்டையாகும்.

3. உடை, கயிறு, எண்ணெய்

கையுறையும் காலுறையும் கழற்றப்பட வேண்டும். தரையைத் தொட்டு உணரும் விரலை மூடிவிட்டு விளையாடச் சொல்ல முடியாது. டைல்ஸ் தரையில் காலுறை வழுக்கவும் செய்யும். முழங்கால் வெறுமையாக இருக்கும் சட்டை அல்லது ஒற்றைத் துணி போதும். தடித்த டயப்பர் தொடைகளை அகட்டி வைப்பதால், இந்த நேரத்துக்கு மட்டும் துணி லங்கோட்டு கட்டினால் கால் தாராளமாக ஆடும்.

அரைஞாண் கயிற்றில் தாயத்தோ காசோ தொங்கினால் குப்புறப் போட்டதும் வயிற்றில் குத்தும். காரணம் தெரியாமல் அழும் குழந்தைகளில் சிலருக்கு இதுதான் காரணம். தாயத்தை முதுகுப் பக்கம் தள்ளிவிடலாம், கழற்றி வைப்பது இன்னும் நல்லது. கழுத்தில் எந்தக் கயிறும் வேண்டாம். வசம்பு வளையல், கருகமணி ஆகியவற்றின் நூல் அறுந்தால் மணி நேராக வாய்க்குத்தான் போகும்.

கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் தாய்க்கு முடி அதிகம் உதிரும். ஓர் இழை விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும்.

எண்ணெய் தேய்த்த கையோடு பாயில் விடாதீர்கள். முழங்கை வழுக்கி முகம் இடிக்கும். பவுடரும் வேண்டாம், மூச்சில் ஏறும். அதனால் பாய் விளையாட்டை எண்ணெய்க் குளியலுக்கு முன்பே முடித்துக்கொள்வது வசதி.

4. நேரம் பார்த்தல்

தூங்கி எழுந்து, துணி மாற்றி, பசி இன்னும் வராத இடைவெளிதான் சரியான நேரம். பால் குடித்து 20 முதல் 30 நிமிடம் கழியட்டும். நிறைந்த வயிற்றை அழுத்தினால் எதுக்களிக்கும், குழந்தையும் குப்புறக் கிடப்பதென்றாலே வாந்தி என்று நினைத்துக்கொள்ளும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இன்னும் நகரத் தொடங்காத குழந்தை ஒரு நாளில் மொத்தம் குறைந்தது 30 நிமிடம் குப்புறக் கிடக்க வேண்டும். இதை ஒரே மூச்சில் செய்வதாக எண்ணிப் பலர் தோற்கிறார்கள். முதல் வாரங்களில் ஒன்றிரண்டு நிமிடம், ஒரு நாளில் நாலைந்து முறை. இரண்டாம் மாதத்தில் ஒரு முறைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம். மூன்று மாதம் முடியும்போது 30 நிமிடம் தானாகச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு முறை துணி மாற்றிய பிறகும் என்று வைத்துக்கொண்டால் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை.

மீதி நேரமெல்லாம் மல்லாந்து கிடந்து கை கால் உதைப்பதும் விளையாட்டுத்தான். அதற்குக் கணக்குக் கிடையாது.

5. கிடத்துவதும் தூக்குவதும்

இந்தப் படியைப் பெரும்பாலானோர் தவற விடுகிறார்கள். குழந்தையை அக்குளில் பிடித்து நேராக இறக்கிக் குப்புறப் போட்டால் அது திடுக்கிட்டுக் கைகளை விரித்துக் கத்தும். தலை பின்னால் சாய்வதுபோல் உணர்ந்ததும் வரும் அனிச்சைச் செயல் அது. நாலைந்து மாதம் வரை இருக்கும்.

சரியான முறை இது. ஒரு கை கழுத்துக்கும் பிடரிக்கும், மற்றொன்று இடுப்புக்கும் அடியில். உங்கள் உடம்போடு ஒட்டியபடியே குனிந்து, முதலில் குழந்தையின் பக்கவாட்டைப் பாயில் படவிடுங்கள். ஒரு மூச்சு நேரம் அப்படியே நிறுத்துங்கள். பிறகு மெல்ல உருட்டி மல்லாத்துங்கள், அல்லது குப்புறத் திருப்புங்கள். குப்புறத் திருப்பினால் முழங்கைகள் தோளுக்கு நேர் கீழே, அல்லது ஒரு விரற்கடை முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். கை மார்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால் குழந்தையால் தானே எடுக்க முடியாது, எடுத்துவிடுங்கள்.

தூக்கும்போதும் இதே வழிதான்: ஒரு பக்கமாக உருட்டி, பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். நாள் முழுக்க இப்படிச் செய்தாலே புரளும் பாதையைக் குழந்தையின் உடம்பு கற்றுக்கொள்ளும். கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் முழங்கை மூட்டு நழுவலாம்.

தப்பாகத் தூக்கினால் உரம் விழும் என்று பெரியவர்கள் பயப்படுவதில் பாதி நியாயம் உண்டு. பக்கவாட்டில் உருட்டித் தூக்கினால் கழுத்துக்கு எந்தச் சிரமமும் வராது. ஆனால் உரம் எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு உருட்டுவதும் தலைகீழாகப் பிடிப்பதும் வேண்டவே வேண்டாம். மூளைக்கு ஆபத்து.

6. முதல் ஆறு வாரம்: மார்பும் மடியும்

தரைக்கு முன் உங்கள் மார்புதான் முதல் பாய். சாய்வாக, ஏறத்தாழ 45 டிகிரியில் சாய்ந்துகொண்டு குழந்தையைக் குப்புற மார்பில் போடுங்கள். சரிவில் தலையின் பாரம் குறைவதால் தூக்குவது எளிது. முகம் பார்க்கும் ஆசையே தலையைத் தூக்க வைக்கும். முதுகை இன்னும் சாய்த்துக்கொண்டே போனால் வேலை கடினமாகும். சில வாரங்களில் நீங்கள் முழுதாகப் படுத்திருப்பீர்கள். உங்களுக்குத் தூக்கம் வந்தால் எழுந்துவிடுங்கள்.

மணையில் அமர்ந்து காலை நீட்டி, பாட்டி குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு முதுகு தேய்ப்பாரே, அதுவும் இதே பயிற்சிதான். தலை நிற்காத பிள்ளையைக் குப்புறப் போடலாமா என்று வீட்டில் யாராவது கேட்டால் இதையே எடுத்துக்காட்டுங்கள். தினமும் காலையில் போடுகிறோமே!

7. ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை

மல்லாந்த நிலை: இந்த வயதில் நம் வீடுகளின் முதல் பொம்மை மின்விசிறி. அது கெடுதல் இல்லை, ஆனால் அதையே பார்த்தால் தலை அசையாது. பாயைச் சற்றுத் தள்ளிப் போட்டு, முகத்திலிருந்து 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் எதையாவது காட்டுங்கள். அந்தத் தூரம்தான் அதற்குத் தெளிவாகத் தெரியும். கறுப்பு அட்டையில் வெள்ளையில் வரைந்த புள்ளிக் கோலம் அருமையாக வேலை செய்யும். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மெதுவாக நகர்த்துங்கள். கண் பின்தொடரும் வேகம்தான் உங்கள் கையின் வேகம்.

ஒருக்களித்த நிலை: முதுகுக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்து ஒரு பக்கமாகப் படுக்க வையுங்கள். மல்லாந்திருக்கும்போது விலகிப்போகும் கைகள் இந்நிலையில் நெஞ்சுக்கு முன் சந்திக்கும். தன் கையைத் தானே கண்டுபிடிப்பது இப்படித்தான். இதுவும் விழித்திருக்கும்போது மட்டும்.

குப்புற நிலை: சிரமப்பட்டால் இரண்டு மூன்று அங்குலத் தடிமனில் துண்டைச் சுருட்டி, அக்குளுக்கு நேராக மார்புக்கு அடியில் வையுங்கள். இரண்டு கைகளும் சுருளுக்கு முன்னால் வர வேண்டும். சுருள் தாடைக்கு அடியில் வந்தால் மூச்சு தடைப்படும், வயிற்றுக்கு அடியில் போனால் தலை குப்புறச் சாயும். இடுப்பின் பின்புறத்தில் உள்ளங்கையை லேசாக வைத்தால் பாரம் பின்னுக்குப் போய்த் தலை எழும். கீழே அழுத்தக் கூடாது. முழங்கையில் நின்று தலையைப் பிடிக்கத் தொடங்கியதும் சுருளை எடுத்துவிடுங்கள். பிறகும் வைத்திருந்தால் கை உந்தும் வேலையைத் துண்டு செய்துவிடும்.

நீங்களும் எதிரே குப்புறப் படுங்கள், முகத்துக்கு முகம் நேராக. மேலே நின்று கூப்பிட்டால் கழுத்தை அளவுக்கு மீறி வளைத்துப் பார்க்கும். செல்பேசியில் பாட்டுப் போட்டு முன்னால் வைப்பது வேண்டாம். தலை நிற்பதுபோல் தெரியும், உண்மையில் உடம்பு உறைந்து கண் மட்டும் வேலை செய்யும்.

8. மூன்று முதல் ஆறு மாதம் வரை: புரளுதல்

குப்புற விழுவது முதலா, குப்புற நிலையிலிருந்து மல்லாருவது முதலா என்று கவலை வேண்டாம். இரண்டு வரிசையும் சரியே. நீங்கள் செய்ய வேண்டியது பொருளை வைக்கும் இடத்தைச் சரிசெய்வதுதான். நேர் முன்னால் வைத்தால் எட்டிப் பிடித்து முடித்துவிடும். தோளுக்குப் பக்கவாட்டில், கை எட்டுவதற்கு ஒரு சாண் அப்பால் வையுங்கள். அதைப் பார்க்கத் தலை திரும்பும், தலையைத் தொடர்ந்து தோள், தோளைத் தொடர்ந்து இடுப்பு. பாதியில் நின்றால் மேல் காலை மடக்கி இடுப்பில் மட்டும் சிறு தள்ளல் கொடுங்கள். கையை இழுத்துப் புரட்ட வேண்டாம்.

பொருள்கள் மூன்று போதும். ஓரம் மழுங்கிய சிறு எவர்சில்வர் கிண்ணம், மரவளையம், நடுவில் கூம்பாகக் குவித்து வைத்த பருத்திக் கைக்குட்டை. கைக்குட்டையை எங்கே பிடித்தாலும் கையில் சிக்கும், முகத்தில் விழுந்தாலும் வலிக்காது, அதனால் முதல் பொருளாக அதுவே சிறந்தது. பத்துப் பொம்மைகளைச் சுற்றிப் பரப்பினால் குழந்தை ஒன்றையும் தேடி நகராது.

புரளும் அறிகுறி தெரிந்த அன்றே துணியில் இறுக்கிச் சுற்றுவதை நிறுத்துங்கள். குப்புற விழுந்தால் கையை எடுக்க முடியாது. கட்டிலில் தலையணை வேலி கட்டிவிட்டு அடுப்படிக்குப் போவதும் அன்றோடு முடிந்தது. முதல் புரளல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, பெரும்பாலும் ஆள் இல்லாத நேரத்தில்தான் வரும். தரையில் கிடக்கும் குழந்தை எங்கும் விழாது.

ஐந்தாம் மாதத்தை ஒட்டி, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடும். பிள்ளைத்தமிழ் செங்கீரை என்று பாடுவது இதைத்தான். இந்தக் கட்டத்தில் பொருளை இடமும் வலமுமாக மாற்றி வையுங்கள். தொப்புளை மையமாக வைத்துக் குழந்தை வட்டமடிக்கும். ஒரு கையில் பாரம் தாங்கி மறுகையை நீட்டக் கற்றுக்கொள்வது இப்போதுதான். தவழ்வதற்கு இது அடிப்படை.

9. ஆறு முதல் பத்து மாதம் வரை: நீந்துதல், தவழுதல், உட்காருதல்

முதலில் பின்னோக்கித்தான் போகும். காலைவிடக் கை வலுவாக உந்துவதால் பொருளிடமிருந்து விலகிப்போய்க் கோபத்தில் அழும். பொருளை அருகே தள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் உள்ளங்கைகளைச் சுவர்போல் பாதத்துக்குப் பின்னால் நிறுத்தினால் அது உதைத்து முன்னே வரும். வயிற்றால் நீந்தி, பிறகு கையும் முழங்காலும் ஊன்றி முன்னும் பின்னும் ஆடி, அதன்பின் தவழும். டைல்ஸில் முழங்கால் வழுக்கினால் ஜமுக்காளத்தை நீளவாக்கில் விரியுங்கள். தவழத் தெரிந்ததும் வழியில் ஒரு திண்டைப் போடுங்கள். ஏறி இறங்குவதில்தான் இடுப்பு உறுதிப்படும்.

உட்கார வைப்பதில் எங்கள் கருத்து கறாரானது. தானாகப் போக முடியாத நிலையில் குழந்தையை வைக்காதீர்கள். புடாபெஸ்டில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் வலியுறுத்திய விதி இது. அவர் குப்புறப் போடுவதையும் குழந்தை தானே புரளும்வரை தள்ளிவைத்தார். இந்த ஒன்றில் மட்டும் உலக சுகாதார நிறுவனத்தின் பக்கம் நிற்பது நல்லது. மற்றபடி விதி பொருந்தும். முட்டுக் கொடுத்து உட்கார்ந்த குழந்தைக்கு அங்கிருந்து இறங்கத் தெரியாது. பொருள் உருண்டு போனால் கை நீட்டி அழுவதைத் தவிர வழியில்லை, சரிந்தால் கை ஊன்றத் தெரியாமல் தலை மோதும். தவழும் நிலையிலிருந்து இடுப்பைப் பக்கவாட்டில் இறக்கித் தானாக உட்கார்ந்த குழந்தைக்கு எழவும் தெரியும். இணையுணவு ஊட்டும்போது மடியில் சாய்த்து அமர்த்துவது இதில் சேராது.

வயது வேறுபாடு பெரிது. உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு அளவீட்டின்படி, முட்டில்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள், கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 மாதத்துக்குள், தனியே நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். சில குழந்தைகள் தவழாமலே நடக்கும், சிலது பிட்டத்தால் நகரும்.

10. தூளி, வாக்கர், பவுன்சர்

தூளி தூங்க வைக்க உதவும், விளையாட உதவாது. உடம்பு வளைந்து, தாடை நெஞ்சோடு ஒட்டி, இரு பக்கத் துணியும் கையை அணைத்துவிடும். விழித்ததும் எடுத்துப் பாயில் விடுங்கள். விழித்த பிறகும் ஆட்டி ஆட்டி அமைதிப்படுத்துவதில் பொழுது போய்விடுகிறது. பவுன்சர், கார் இருக்கை, தள்ளுவண்டி எதிலும் ஒரே தொடராக ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி வைக்காதீர்கள்.

வாக்கர் வேண்டாம். நடக்கக் கற்றுக்கொடுப்பதற்குப் பதில் நுனிக்காலில் உந்தப் பழக்கும். படிக்கட்டு வரை, அடுப்பு வரை, மேசையோர சாம்பார் வரை குழந்தையை நொடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கனடா 2004இல் விற்பனையையே தடை செய்தது. பரிசாக வந்திருந்தால் பரணில் ஏற்றிவிடுங்கள்.

11. அழுதால்

முனகலும் முக்கலும் முயற்சியின் ஓசை. அதற்குத் தூக்க வேண்டாம், பேச்சுக் கொடுத்தால் போதும். ஓசை ஏறினால் நிலையை மாற்றுங்கள், குப்புற நிலையிலிருந்து பக்கவாட்டுக்கு, பக்கவாட்டிலிருந்து மல்லாந்து. அதற்கும் அடங்காமல் அழுதால் தூக்கிவிடுங்கள். பழகட்டும் என்று அழ விட்டால் மறுநாள் பாயைப் பார்த்ததும் அழும். அழுவதற்குச் சற்று முன்பே எடுத்துவிடுவது இன்னும் கெட்டிக்காரத்தனம்.

தரையில் விட்டால் சளி பிடிக்கும் என்பார்கள். சளியைக் கொண்டுவருவது கிருமி, பெரும்பாலும் தும்முகிற நம்மிடமிருந்து. மார்கழிக் குளிரில் தரை சில்லென்றிருந்தால் இன்னொரு ஜமுக்காளம் போடுங்கள், குழந்தையைத் தொடுமுன் கையைக் கழுவுங்கள்.

12. மருத்துவரிடம் காட்ட வேண்டியவை

மூன்று மாதம் முடிந்தும் குப்புறக் கிடக்கும்போது தலையைச் சற்றும் தூக்காதது. தலை எப்போதும் ஒரே பக்கம் திரும்பி, மறுபக்கம் திருப்பினால் அழுவது. நாலு மாதத்துக்குப் பிறகும் கை முட்டியாக மூடியே இருப்பது. ஒரு கையை அல்லது ஒரு காலை மட்டும் பயன்படுத்துவது. இந்த வயதில் இடக்கை வலக்கைப் பழக்கம் வராது, அதனால் இவன் இடக்கைக்காரன் என்று சிரித்துக் கடக்கக் கூடாது. தூக்கும்போது கால்கள் கத்தரிபோல் குறுக்கிட்டு விறைப்பது, அல்லது உடம்பு துவண்டு கையிலிருந்து நழுவுவதுபோல் இருப்பது. ஒன்பது மாதம் முடிந்தும் முட்டில்லாமல் உட்காராதது. செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிடுவது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் டி.ஈ.ஐ.சி. என்று சொல்லப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பிசியோதெரபிஸ்ட் கட்டணமின்றிப் பார்ப்பார். போகும்போது குழந்தை பாயில் கிடந்து அசைவதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் அது அழும் அல்லது தூங்கும், வீட்டுப் பாயில் செய்வதை அங்கே செய்து காட்டாது.